மாடு திங்கிற குடில்

கார்த்திகை முடிய இன்னும் பத்து நாள் இருக்கு. மாதா கோயில் தெருவுல அதுக்குள்ள நட்சத்திரம் தொங்க ஆரம்பிச்சாச்சு. நேத்து சாயங்காலம் வாழைக்கு மண் அணைச்சிட்டு வந்து கால் கழுவிக்கிட்டு நிக்கேன், இளைஞர் மன்றத்துப் பசங்க ரெண்டு பேர் நோட்டோட வந்து நின்னானுவ. கிறிஸ்துமஸ் குடிலுக்கு நன்கொடை. ஐந்நூறு எழுதணுமாம்.

"ரூபாயை விடுங்கடே, வைக்கோல் எத்தனை கட்டு வேணும்?"னு கேட்டேன்.

ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டான். "இல்ல மாமா, போன வருஷத்து வைக்கோலே நல்லாத்தான் இருக்கு. சாக்குல கட்டி வச்சிருக்கோம்"ன்னான் பெரியவன்.

போன வருஷத்து வைக்கோல்னு அவன் சொன்னது மஞ்சள் பிளாஸ்டிக் இழை. டவுன்ல பாக்கெட் பாக்கெட்டா விக்கான். அது கூட பச்சைப் பிளாஸ்டிக் புல்பாய், ஜரிகைத் தோரணம், தெர்மாகோல் மணி. எல்லாம் நிறம் மாறாம, எலி கடிக்காம, மக்காம பத்திரமா இருக்கு. ஐந்நூறை எழுதிக் கொடுத்துட்டேன். பிள்ளைங்க கேட்டு இல்லைங்க மனசு வரல. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் பிடிக்கல. அதனாலதான் இதை எழுதுதேன்.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடுதேன். நாங்க அந்தக் கோயிலைச் சேர்ந்தவங்க இல்ல. எங்களுக்குக் குலதெய்வம் சாஸ்தா, பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோட போய்ப் பொங்கலிட்டு வருவோம். ஆனா எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து மாதா கோயில் குடிலுக்கு வைக்கோல் எங்க படப்புல இருந்துதான் போகும். எங்க அப்பாவும் அங்க உபதேசியாரா இருந்தவரும் ஒரே மடையில தண்ணி பாய்ச்சினவங்க. அவர் ஒரு வருஷம் கேட்டிருக்காரு, இவர் கொடுத்திருக்காரு, மறு வருஷம் கேக்காமலே கொண்டுபோய் இறக்கியிருக்காரு. அவ்வளவுதான் கதை. இதுல ஒப்பந்தமும் கிடையாது, மத நல்லிணக்கம்னு மைக்கைப் பிடிச்சுப் பேசுத சமாச்சாரமும் கிடையாது.

அந்தக் குடில் எப்படி இருக்கும் தெரியுமா? நாலு பூவரசங் கம்பு நட்டு, மேல பனை ஓலை வேய்ஞ்சு, உள்ள முழங்கால் உயரத்துக்கு வைக்கோல். குளத்துக் களிமண்ணைப் பிசைஞ்சு பின்னால மலை வைப்பாங்க. முன்னால ஆத்து மணல். மாட்டுச் சுரூபம், ஆட்டுச் சுரூபம், மாதா, சூசையப்பர் எல்லாம் முன்னாடியே வந்துரும். குழந்தை மட்டும் 24-ந் தேதி நடுராத்திரி பூசைக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் வைக்கோல்ல ஒரு குழி காலியாக் கிடக்கும். சின்ன வயசுல அந்தக் குழியைப் பாக்கவே நாங்க போவோம். சுத்தி வயக்காடு மாதிரித் தெரியணும்னு பெண்பிள்ளைங்க ஓலைப் பெட்டியில கம்பும் கேப்பையும் முளைக்கப் போட்டு, விரக்கடை உயரம் வளர்ந்ததும் கொண்டாந்து வைப்பாங்க. எங்க அம்மா அதைப் பாத்துட்டு "நம்ம முளைப்பாரி மாதிரியே இருக்கே"ன்னு சொன்னது இப்பவும் காதுல கேக்கு. 

ஜனவரி 6, மூணு ராஜா திருநாள் கழிஞ்சதும் குடிலைப் பிரிப்பாங்க. ஓலை அடுப்புக்கு, களிமண் திரும்பக் குளத்துக்கு, முளைப் பயிர் ஆட்டுக்கு, வைக்கோல் மாட்டுக்கு. எங்க அம்மா ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிட்டு வந்து கறவை மாட்டுக்குப் போடுவா. "சாமி படுத்த வைக்கோல், பால் சுரக்கும்"பா. கொஞ்ச நாளைக்கு முன்னாடி எங்க படப்புல இருந்து போனதுதான் அது!

அம்மா சொன்னதை நான் கிராமத்து நம்பிக்கைன்னுதான் நினைச்சிருந்தேன். போன வருஷம் ஓய்வுல இருக்கும்போது குடில் வைக்கிற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் படிச்சேன். இத்தாலியில கிரேச்சோன்னு ஒரு மலைக் கிராமம். அசிசி பிரான்சிஸ்னு நாம கேள்விப்படுத புனிதர் 1223-ம் வருஷம் அங்க போய், இயேசு பிறந்த ராத்திரியை மக்கள் கண்ணால பாக்கணும்னு ஆசைப்பட்டு ஏற்பாடு செஞ்சிருக்காரு. சுரூபம் கிருபம் ஒண்ணும் இல்ல. ஒரு தீவனத் தொட்டி, அது நிறைய உலர்ந்த புல்லு, உயிரோட ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான் அலங்காரம். அதை எழுதி வச்சவர் செலானோ ஊர்த் தோமான்னு அவர் கூட இருந்த சன்னியாசி. அவர் கடைசியில ஒண்ணு எழுதியிருக்காரு: தொட்டியில கிடந்த புல்லை மக்கள் பத்திரப்படுத்தி, நோவு வந்த ஆடு மாடுகளுக்குக் கொடுத்தாங்க, அதுங்களுக்கு சுகமாச்சுன்னு. எங்க அம்மா நாலாங் கிளாஸ் தாண்டாதவ. இத்தாலி எந்தத் திசையில இருக்குன்னும் தெரியாது. மாடு வச்சிருக்கவளுக்குத் தோணுதது எல்லா ஊர்லயும் ஒண்ணு போலத்தான் தோணும் போல.

சரி, பிளாஸ்டிக் எப்படி வந்துச்சுன்னு சொல்லணும். பசங்க மேல மட்டும் பழி போட்டா அது நியாயம் இல்ல.

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணிக் கரைக்காரங்க யாரும் அந்தத் தேதியை மறக்க மாட்டோம். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நமக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு தேறாது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஆறும் குளமும் ஒண்ணாப் போன ராத்திரி. எங்க வாழை படுத்துட்டு. நட்டு முப்பது நாள் ஆன பிசான நெல்லு மேல மணல் மேடு. படப்பு அப்படியே நனைஞ்சு ஊறி, நாலு நாள்ல உள்ளுக்குள்ள சூடு ஏறிப் புகை விட ஆரம்பிச்சுட்டு. கைய விட்டா சுடும். அவ்வளவும் குப்பையாப் போச்சு. அந்த வருஷம் மாட்டுக்கே வைக்கோல் கிடையாது, குடிலுக்கு எங்க போக?

ஒரு வாரத்துல கிறிஸ்துமஸ். பூசை வேண்டாம்னு சொல்ல முடியுமா? வீட்டுக்குள்ள சேறு வாரிக்கிட்டிருந்தவங்க எல்லாம் அன்னைக்கு ராத்திரி ஈரத் துணியோட வந்து நின்னாங்க. நானும் போயிருந்தேன். பசங்க எப்படியோ டவுனுக்குப் போய் அந்த மஞ்சள் இழையும் புல்பாயும் வாங்கிட்டு வந்து குடில் வச்சிருந்தாங்க. அன்னைக்கு அதைப் பாத்து ஒரு குறையும் சொல்லத் தோணல. இருந்ததை வச்சு ஒரு விளக்கு ஏத்துனானுவளே, அதுவே பெரிசு. கண்ணுல தண்ணி வந்துட்டு.

ஆபத்துக்கு வாங்குனது பழக்கமாயிட்டு, அதுதான் என் குறை. மறு வருஷம் எனக்குப் படப்பு இருந்துச்சு. நான் பத்துக் கட்டு எடுத்து வச்சுட்டு ஆள் வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன். யாரும் வரல. விசாரிச்சா "அதான் சாமான் இருக்கே அண்ணாச்சி, எதுக்கு உங்களுக்குச் சிரமம்"னுட்டாங்க. இந்த வருஷமும் அதே.

இன்னொண்ணு. 2024 ஜனவரியில முதல் தடவை அந்தக் குடிலைப் பிரிச்சப்ப, சேறு பட்ட இழையையும் கிழிஞ்ச தோரணத்தையும் வாய்க்கால் கரைக் குப்பை மேட்டுல கொட்டிட்டாங்க. வெள்ளம் கொண்டாந்து போட்ட குப்பை ஏற்கெனவே அங்க ஆள் உயரம் கிடந்துச்சு. அதோட இதுவும். மாசி மாசம் பக்கத்து வீட்டு அக்காவோட பசு அசைபோடுததை நிறுத்திட்டு. இடது பக்க வயிறு மத்தளம் மாதிரி. கால்நடை டாக்டர் வந்து தொட்டுப் பாத்துட்டு, கீறித்தான் ஆகணும்னுட்டாரு. நான்தான் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு பெரிய வாளி நிறைய எடுத்தாரு. கேரி பேக்கு, கயிறு, பால் கவர், எல்லாம் சுருண்டு ஒரு பந்தா. அதுக்கு நடுவுல மஞ்சள் இழையும் ஒரு முழம் தங்க நிற ஜரிகையும் மினுமினுன்னு. வயித்துக்குள்ள இத்தனை நாள் கிடந்தும் அதுக்கு மினுக்கம் போகல. மூணாம் நாள் மாடு போயிட்டு. நாலு லிட்டர் கறந்த மாடு. அந்த அக்காவுக்கு வேற வருமானம் கிடையாது.

குடில் சாமான்தான் மாட்டைக் கொன்னுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பந்துல முக்காவாசி நம்ம எல்லார் வீட்டு கேரி பேக்குதான், என் வீட்டுதும் இருக்கும். ஆனா வைக்கோல்னு பேர் வச்ச ஒரு சாமான் மாட்டு வயித்துல இருந்து அப்படி வந்ததைக் கண்ணால பாத்தவன் நான். அதுக்கு அப்புறம் அதை வைக்கோல்னு சொல்ல எனக்கு நாக்கு வரல.

பசங்க பக்கத்து வாதத்தையும் கேட்டேன், கேக்காம எழுதல. சீரியல் செட் போட்டா வைக்கோல் தீப்பிடிக்கும்னாங்க. சரிதான். சுவீடன் நாட்டுல யேவ்லேன்னு ஒரு ஊர். அங்க 1966-ல இருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சந்தியில 13 மீட்டர் உயரத்துல வைக்கோல்ல ஒரு கிடா செஞ்சு நிறுத்துதாங்க. முதல் வருஷமே புத்தாண்டு ராத்திரியில எவனோ கொளுத்திட்டான். அதுல இருந்து எத்தனையோ தடவை எரிச்சாச்சு. காவல் போட்டும் எரியுது. ஆனா பாருங்க, அந்த ஊர்க்காரங்க இதுவரைக்கும் பிளாஸ்டிக் கிடா செய்யல. எரிஞ்சா மறு வருஷம் திரும்ப வைக்கோல்தான். நம்ம ஆம்ஸ்ட்ராங் வேலைப்பாடு எல்லாம் வேண்டாம், வைக்கோலுக்கும் பல்புக்கும் நடுவுல ஒரு முழம் இடைவெளி விட்டு, ராத்திரி படுக்கப் போகும்போது சுவிட்சை அணைச்சா போதும். முப்பது வருஷம் குண்டு பல்பு போட்டே எரியாத குடில், சூடு கம்மியான எல்இடி பல்புக்கா எரியப் போகுது?

அந்தக் கிடாவைப் பத்தி இன்னும் ஒரு தகவல். நம்ம ஊர்ல வெள்ளம் வந்த அதே 2023 டிசம்பர்ல, அங்க கிடாவை யாரும் எரிக்கல. பறவை தின்னுட்டு. காக்கா ஜாதியில ஒரு சின்னப் பறவை கூட்டம் கூட்டமா வந்து உக்காந்து கொத்திக் கொத்திக் கிடாவைப் பொத்தலாக்கிட்டு. அந்த வருஷம் அங்கயும் அறுப்பு நேரத்துல மழை. சரியா அடிக்க முடியாம வைக்கோல்ல மணி நிறைய நின்னுட்டு. பறவைக்குக் கொண்டாட்டம். எனக்கு அதைப் படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியும் இருந்துச்சு. ஈரத்துல அறுத்தவன் படுத பாடு எந்த ஊரா இருந்தாலும் எனக்குத் தெரியும்.

அடுத்த வாதம் எங்க ஆளுங்க பக்கம் இருந்து. என் சித்தப்பா மகன் டீக்கடையில எல்லாரும் கேக்கத்தான் கேட்டான். "அவங்க சாமிக்கு நீ ஏன் வைக்கோல் சுமக்க? அதுவும் வெள்ளைக்காரன் கொண்டாந்த பண்டிகைக்கு?"

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். நம்ம அம்மன் கொடைக்குப் பந்தல் போட ஓலை யார் விளையில இருந்து வருது? உபதேசியார் மகன் விளையில இருந்து. அவன் எண்ணிப் பாத்தா கொடுக்கான்? டீக்கடையில அதுக்கு மேல பேச்சு இல்ல.

ரெண்டாவதுதான் எனக்கு யோசனையைக் கொடுத்துச்சு. வெள்ளைக்காரன் பண்டிகைன்னா, வெள்ளைக்காரன் வீட்டுல என்னதான் அலங்காரம் வைக்கான்? எங்க தெருவுல ஒரு பையன் கப்பல்ல வேலை பாக்கான். லீவுல வந்தவன்கிட்ட கேட்டேன், அவனும் சொன்னான், நானும் தேடித் தேடிப் படிச்சேன். கடைசியில பாத்தா, பாதி நாட்டுல கிறிஸ்துமஸ் அலங்காரம்னா களத்து மேட்டுச் சாமான்தான்.

உக்ரைன் நாட்டுல கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வீட்டுக்குள்ள ஒரு கதிர்க் கட்டைக் கொண்டாந்து மூலையில நிறுத்துவாங்க. கோதுமையோ ரை தானியமோ, அந்த வருஷம் அறுத்த கட்டு. பேர் திதூஹ். தாத்தாங்கிற சொல்லுல இருந்து வந்த பேராம். செத்துப்போன முன்னோர் எல்லாரும் அன்னைக்கு அந்தக் கட்டுல வந்து இருக்காங்கன்னு ஐதீகம். அவங்களுக்கும் சேத்துத்தான் சாப்பாடு. கறி இல்லாம 12 வகை. முதல் வகை அவிச்ச கோதுமையில தேனும் கசகசாவும் போட்டது. பண்டிகை முடிஞ்சதும் அந்தக் கட்டோட மணியை விதை நெல்லு கூட, சே, விதைக் கோதுமை கூடக் கலந்துக்குவாங்க. இதை வெளிநாட்டுப் பழக்கம்னு எப்படிச் சொல்ல? ஆடி அமாவாசைக்கு நாம இலை போடுதோம், அவங்க மார்கழிக் குளிர்ல கதிரை நிறுத்துதாங்க.

போலந்துல சாப்பாட்டு மேசைத் துணிக்கு அடியில ஒரு பிடி உலர்ந்த புல்லைப் பரப்பி, அது மேலதான் தட்டு. சாயங்காலம் முதல் நட்சத்திரம் தெரியுத வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. யாராவது வழிப்போக்கன் வந்தாலும் வரலாம்னு ஒரு இலை, அதாவது ஒரு தட்டு, கூடுதலா வச்சிருப்பாங்க. எத்தியோப்பியாவுல தரையில பச்சைப் புல்லு அறுத்துப் பரப்புதாங்க. அவங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. நார்வே, சுவீடன் பக்கம் ஒரு ஓட்ஸ் கதிர்க் கட்டைக் கம்பத்துல கட்டிப் பனியில பறவைக்காக நிறுத்துவாங்க. நம்ம வீட்டுத் தாழ்வாரத்துல குருவிக்கு நெல்லுக்கதிர்க் குஞ்சம் கட்டித் தொங்கவிட்டது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? எங்க வீட்டுல இப்ப ஓடும் இல்ல, குருவியும் இல்ல. கொக்கி மட்டும் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது முளை போடுத சங்கதி. பிரான்ஸ் நாட்டுத் தெக்குப் பக்கம் புரோவான்ஸ்ல டிசம்பர் 4-ந் தேதி, அதாவது நேத்துதான், புனித பார்பரா திருநாள். அன்னைக்கு மூணு தட்டுல பஞ்சை நனைச்சுக் கோதுமையைப் போடுவாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள பச்சைப் பசேல்னு வளர்ந்துரும், குடில் பக்கத்துல வைப்பாங்க. நல்லா நேரா வளர்ந்தா வருஷம் விளைச்சல் நல்லா இருக்கும். குரோஷியாவுல அதே மாதிரி டிசம்பர் 13, லூசியா திருநாளுக்குப் போட்டு, வளர்ந்த பயிரை நாடாவால கட்டி நடுவுல மெழுகுவத்தி ஏத்துவாங்க. அங்கயும் பயிர் அடர்த்தியைப் பாத்துத்தான் வருஷப் பலன். முளைப்பாரி மங்கலா வந்தா நம்ம ஊர்ப் பொம்பளைங்க முகம் வாடுமே, அதேதான். விதை முளைக்குமா முளைக்காதாங்கிற பயம் இருக்கே, அது எந்தச் சாமியைக் கும்புடுதவனுக்கும் ஒண்ணுதான். அந்த புரோவான்ஸ் குடில்ல இன்னொரு விசேஷம், களிமண்ல ஊர் சனத்தையும் செஞ்சு வைப்பாங்க. மாவு அரைக்கிறவன், மீன் விக்கிறவ, ஆடு மேய்க்கிறவன்னு. நம்ம குடில்லயும் ஒரு உழவனை வச்சா என்ன குறைஞ்சா போயிரும்?

கப்பல்காரப் பையன் சொன்னது பிலிப்பைன்ஸ் சமாச்சாரம். அவன் கூட வேலை பாக்குறவங்க பாதிப் பேர் அந்த ஊர்தானாம். அங்க மூங்கிலைக் கீறி அஞ்சு முனை நட்சத்திரம் கட்டி, காகிதம் ஒட்டி, உள்ள விளக்கு வைப்பாங்க. அதுக்குப் பேரு பரோல். (ஜெயில் ஞாபகம் வரக் கூடாது.) டிசம்பர் 16-ல இருந்து 24 வரைக்கும் ஒன்பது நாள் விடியுமுன்ன பூசை. வயலுக்கும் கடலுக்கும் போறவன் வேலைக்குப் போகுமுன்ன கும்பிட்டுட்டுப் போகணும்னு ஏற்பட்ட வழக்கமாம். டிசம்பர் 16 என்ன நாள்? நமக்கு மார்கழி பிறக்குத நாள். பெருமாள் கோயில் குழாய்ல திருப்பாவை நாலரைக்கு ஆரம்பிக்கும். இருட்டுல எந்திரிச்சுக் கும்பிட்டுட்டு மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போறவன் அங்கயும் இருக்கான். நம்ம தெருவுலயும் மூங்கில் நட்சத்திரம்தான் இருந்துச்சு. ஒட்டுத தாளுக்கு மைதாப் பசை காய்ச்சுவோம். காத்துல கிழிஞ்சா மறுபடி ஒட்டுவோம்.

மெக்சிகோவுல வஹாகாங்கிற ஊர்ல பண்ணுதது கொஞ்சம் கூத்து. 1897-ல இருந்து டிசம்பர் 23 ராத்திரி முள்ளங்கித் திருவிழா. முள்ளங்கியைக் குடைஞ்சு செதுக்கிக் குடிலே செய்வாங்க. அதுக்குன்னே தனியாப் பயிர் வச்சு, காலத்துல பிடுங்காம மண்ணுலயே விட்டு, கை நீளத்துக்கு முத்த விடுவாங்க. சந்தையில காய்கறி விக்கிறவங்க ஆளைக் கூப்பிடுததுக்குச் செதுக்கி வச்சதுல ஆரம்பிச்சதாம். சில மணி நேரத்துல வாடிரும், அதனால அந்த ராத்திரி மட்டும்தான். திங்க முடியாத முள்ளங்கியை ஒருத்தன் வேணும்னே விளைவிச்சான்னா நம்ம ஊர்ல அவன் பொண்டாட்டி என்ன சொல்லுவான்னு நினைச்சுப் பாத்தேன். ஆனா அது வாடுது பாருங்க, அந்த வாடுததுதான் எனக்குப் பிடிச்சிருக்கு.

மரம் ஒண்ணுதான் நிஜமாவே குளிர்நாட்டுச் சரக்கு. ஜெர்மனியில ஆரம்பிச்சு, விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுத்தி நிக்கிற படம் 1848-ல லண்டன் பத்திரிகையில வந்த பிறகு ஊர் ஊராப் பரவுச்சு. பனியில எல்லா மரமும் மொட்டையா நிக்கும்போது இது மட்டும் பச்சையா நிக்கும், அதனால அவனுக்கு அதிசயம். நமக்கு டிசம்பர்ல எல்லாமே பச்சை! இருந்தாலும் நம்ம ஆளுங்க சும்மா இல்ல, சவுக்குக் கொப்பை வெட்டி மரம்னு நிறுத்திட்டாங்க. அந்தச் சவுக்கும் ஆஸ்திரேலியாப் பக்கத்துல இருந்து விறகுக்காக வந்து நம்ம கடற்கரையில குடியேறினதுதான். அது மேல பனிக்குப் பதிலா பஞ்சு. கோவில்பட்டிக் கரிசல்ல வெயில்ல காய்ஞ்சு பறிச்ச பருத்தி நம்ம ஊர்ல பனியாயிருது. நான் அதைக் கேலி பண்ண மாட்டேன். கையில கிடைச்சதை வச்சுக் காணாத ஒண்ணைக் காட்டுதது பிள்ளை விளையாட்டு மாதிரி, நல்லாத்தான் இருக்கு. பஞ்சும் சவுக்கும் மக்கிரும். தெர்மாகோல் மணிதான் இன்னும் என் வரப்புல கிடக்கு.

ஆக, வெளிநாட்டுப் பழக்கத்தைப் பாத்து நம்ம பசங்க பிளாஸ்டிக்குக்கு மாறினாங்கன்னு சொன்னா அது தப்பு. அவங்க எடுத்தது எந்த நாட்டுப் பழக்கமும் இல்ல, கடைப் பழக்கம். நம்ம சனமும் அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. டவுன்ல எத்தனை வீட்டு நிலையில மாவிலைத் தோரணம் பிளாஸ்டிக்ல தொங்குது? போன கொடைக்கு அம்மனுக்கே பந்தல் முகப்புல பிளாஸ்டிக் பூமாலை போட்டோம், நானும் கமிட்டியில இருந்தேன். அக்கினிச்சட்டிப் பக்கத்துல அது உருகி நாறுனப்பத்தான் அவுத்தோம்.

இன்னொரு குத்தமும் எங்க மேலதான் இருக்கு, விவசாயிங்க மேல. பெரியவன் கடைசியில ஒரு வார்த்தை சொன்னான், அது சுருக்குன்னு இருந்துச்சு. "மாமா, இப்பல்லாம் நல்ல வைக்கோல் எங்க கிடைக்கு? மிஷின் வைக்கோல் தூளா வருது, நிறுத்தினா நிக்க மாட்டேங்கு." உண்மை. கதிர் அறுக்கிற மிஷின் வந்ததுல இருந்து வைக்கோல் நசுங்கி, ஒடிஞ்சு, முழ நீளம் கூடத் தேறுததில்ல. அதையும் இன்னொரு மிஷின் வந்து உருளையாச் சுத்திட்டுப் போயிரும், லாரியில கேரளாவுக்கோ எங்கயோ. படப்பு போடத் தெரிஞ்ச ஆளே ஊர்ல மூணு பேர்தான். அறுப்புக்கு ஆள் கிடைக்காம நாங்க மிஷினுக்குப் போனோம், குடிலுக்கு வைக்கோல் கிடைக்காம அவங்க பாக்கெட்டுக்குப் போனாங்க. இதுல யாரு யாரைக் கேக்க?

ஆனா எனக்கு ரெண்டு மரக்கால் விதைப்பாடு வாய்க்கால் மூலையில இருக்கு, மிஷின் இறங்காது. அதை நானும் வீட்டுக்காரியும் இன்னும் ரெண்டு பேரும் அரிவாளாலதான் அறுப்போம். பங்குனியில அறுத்துக் கையால அடிச்ச வைக்கோல், இடுப்பு உயரம் நீளம், பொன்னு மாதிரி நிறம். அதுல பத்துக் கட்டைத் தார்ப்பாய் போட்டு மூடித் தனியா எடுத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடியும்போது பங்குச் சாமியாரைப் பாத்துப் பேசலாம்னு இருக்கேன். பசங்க வாங்கின சாமானைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். தூக்கிப் போட்டாலும் அது எங்க போகும், திரும்ப வாய்க்காலுக்குத்தான். இருக்கிற வரைக்கும் பின்னால மலைக்கு அடியில பரப்பட்டும். குழந்தை படுக்கிற இடத்துல மட்டும் வைக்கோல் வைங்கன்னு கேக்கப் போறேன். கேட்டா மறுக்க மாட்டாங்கன்னு நினைக்கேன். 

கம்பு ரெண்டு படி வீட்டுல இருக்கு, நாட்டுக் கம்பு. 13-ந் தேதி ராத்திரி ஊறப் போட்டு, 14 காலையில துணியில கட்டி, 15-ல ஓலைப் பெட்டியில மணலும் சாணிப்பொடியும் கலந்து தூவணும். மேல ஒரு சாக்கைப் போட்டு ரெண்டு நாள் இருட்டுல வைக்கணும், அப்பத்தான் ஒரே சீரா எந்திரிக்கும். மூணாம் நாள் வெளிச்சத்துக்கு எடுத்தா 24-க்குள்ள விரக்கடை வந்துரும். மார்கழிக் குளிர்ல கொஞ்சம் சுணங்கும், அதனால வெதுவெதுன்னு உள்ள தண்ணி தெளிச்சா போதும். பெட்டி முடைய உபதேசியார் வீட்டு மதினி ஒத்துக்கிட்டாங்க.

இதைப் பக்கத்து வீட்டு அக்காகிட்டயும் சொன்னேன். அவங்க இப்ப லோன்ல ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்காங்க. ஒண்ணும் பேசாம கேட்டுட்டு, "மூணு ராஜா கழிஞ்சா வைக்கோலை யாருக்கும் சொல்லிராதீங்க தம்பி, நான் வந்து அள்ளிக்கிடுதேன்"னாங்க.